டிராயிங்கில் விட்டுப்போனதை சப்ளையர் நிரப்புவார்

வேலைக்குச் சேர்ந்த புதிதில் 400 பிராக்கெட்டுகளுக்கு ஆர்டர் கொடுத்தேன். எம்8 போல்ட் (விட்டம் 8 மி.மீ.) போவதற்காகத் துளை 8.4 மி.மீ. என்று டிராயிங்கில் போட்டிருந்தேன். குறிப்புகளில் கடைசி வரியாக "பவுடர் கோட்டிங், கறுப்பு" என்று சேர்த்தேன். சரக்கு சொன்ன நாளில் வந்தது, பார்க்கவும் நன்றாக இருந்தது. ஆனால் பல பிராக்கெட்டுகளில் போல்ட் நுழையவே இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தபோது காரணம் புரிந்தது. பொது டாலரன்ஸ் (அளவு கூடவோ குறையவோ அனுமதிக்கும் வரம்பு) ±0.2 என்பதால் துளை 8.2 வரை குறையலாம். பவுடர் கோட்டிங் ஒரு பக்கத்துக்கு 0.1 மி.மீ. வரை ஏறும். துளையில் எதிரெதிர்ப் பக்கம் இரண்டையும் சேர்த்தால் 0.2 போய்விடுகிறது, மிச்சம் 8.0. விளிம்பில் பவுடர் கொஞ்சம் தடித்தால் அதுவும் இல்லை. சப்ளையர் தவறு எதுவும் செய்யவில்லை. 8.4 என்பது பூச்சுக்கு முன்பா, பின்பா என்று நான் எழுதவில்லை. அவர் தன் பட்டறை வழக்கப்படி "முன்பு" என்று எடுத்துக்கொண்டார். அத்தனை பிராக்கெட்டையும் கையால் துளைத்துச் சரிசெய்தோம். துளைக்குள் பூச்சு உரிந்துபோய், துருப்பிடிக்கத் தயாராக வெறும் இரும்பு தெரிந்தது.

நாம் எழுதாமல் விட்ட இடம் காலியாகவே இருக்கும் என்று நினைத்துவிடுகிறோம். அது காலியாக இருப்பதில்லை. சப்ளையர் அதைத் தன் வழக்கத்தாலோ, கையிருப்பில் உள்ள மெட்டீரியலாலோ, இதற்கு முன் வேறொருவருக்குச் செய்து கொடுத்த முறையாலோ நிரப்பிவிடுவார். அவர் வேலை நடக்க வேண்டுமே! அதனால் தேவையை எழுதுவது என்றால், எந்த இடங்களை அவர் விருப்பத்துக்கு விடலாம், எவற்றை நாமே நிரப்பியாக வேண்டும் என்று முடிவு செய்வதுதான். முதன்முறையாக ஆர்டர் கொடுப்பவர்கள் அதை எந்த வரிசையில் செய்யலாம் என்பதைக் கீழே எழுதியிருக்கிறேன்.

முதலில், பொருள் எதற்கு என்று எழுதுங்கள்

அளவுகளுக்குப் போவதற்கு முன், நான்கைந்து வரிகளில் பயன்பாட்டைச் சொல்லுங்கள். இது எங்கே பொருந்தப்போகிறது, எவ்வளவு பாரம் தாங்க வேண்டும், வெயிலிலா நிழலிலா, தண்ணீர் படுமா, எண்ணெய் படுமா, எத்தனை வருடம் உழைக்க வேண்டும். பலர் இதை எழுதுவதில்லை, "அது அவருக்கு எதற்கு" என்று நினைக்கிறார்கள். ஆனால் உங்கள் டிராயிங்கில் உள்ள தவறை சப்ளையரால் கண்டுபிடிக்க முடிவது இந்த வரிகளால்தான். "கடலோரத்தில் வெளியே நிற்கும்" என்று படித்தவர், "அப்படியென்றால் இந்த ஸ்டீல் சரிவராதே" என்று போன் செய்வார். படிக்காதவர் செய்து அனுப்பிவிடுவார்.

அடுத்து, ஒரு முடிவை எடுத்தாக வேண்டும். எப்படிச் செய்ய வேண்டும் என்று சொல்லப்போகிறீர்களா, என்ன வேலை நடக்க வேண்டும் என்று சொல்லப்போகிறீர்களா? வடிவமைப்பு உங்களுடையது என்றால் டிராயிங் கொடுங்கள். அந்தத் துறையில் சப்ளையருக்குத்தான் அனுபவம் அதிகம் என்றால், செயல்திறனைக் கேளுங்கள். உதாரணத்துக்கு ஒரு பம்ப்: நிமிடத்துக்கு 50 லிட்டர், 20 மீட்டர் உயரம், திரவம் இது, அதன் வெப்பநிலை இவ்வளவு, அதில் மணலோ நாரோ வருமா, மின்சாரம் 50 ஹெர்ட்ஸா 60 ஹெர்ட்ஸா. (கடைசிக் கேள்வி சாதாரணமாகத் தெரியும். 50-க்கு வாங்கிய சாதாரண மோட்டாரை 60-இல் நேராக இணைத்தால் ஐந்தில் ஒரு பங்கு வேகம் கூடிவிடும்.) இதோடு நிறுத்திவிட வேண்டும். ஓட்டத்தையும் கேட்டு, "இந்தக் குதிரைசக்தி மோட்டார், இந்த அளவு இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்)" என்றும் நீங்களே எழுதிவிட்டால், நாளை தண்ணீர் ஏறாதபோது யார் பொறுப்பு? "நீங்கள் சொன்ன மோட்டாரைத்தானே போட்டேன்" என்று அவர் கேட்பார், அதில் நியாயமும் இருக்கும்.

பொருந்தப்போகும் இடத்தை நீங்களே போய் அளந்து பாருங்கள். பழைய ஃபைலில் இருப்பதை நம்ப வேண்டாம். 2014-இல் பிரான்ஸில், புதிதாக ஆர்டர் செய்த வட்டார ரயில்கள் சுமார் 1,300 நடைமேடைகளில் இடிக்கும் அளவுக்கு அகலம் என்று தெரியவந்தது. ரயில்கள் கொடுத்த அளவுப்படியே செய்யப்பட்டிருந்தன. கொடுத்த அளவுகள்தான் கடந்த 30 ஆண்டுகளுக்குள் கட்டிய நடைமேடைகளுடையவை. அதற்கு முந்தைய பழைய நிலையங்களில் இடைவெளி இன்னும் குறைவு. நடைமேடை ஓரங்களைச் செதுக்கிச் சரிசெய்ய 5 கோடி யூரோ செலவானது.

சொல்லை எண்ணாக மாற்றுங்கள்

"நல்ல தரம்", "உறுதியாக", "வழவழப்பாக", "தண்ணீர் புகாதபடி". இந்தச் சொற்களுக்கு உங்கள் மனதில் ஒரு படம், சப்ளையர் மனதில் வேறொரு படம். எழுதி முடித்த பிறகு, எண்ணோ தரக்குறியீடோ இல்லாத பெயரடைகளை ஒவ்வொன்றாகத் தேடிப் பிடியுங்கள்.

வழவழப்பு என்றால் ஆர்ஏ (பரப்பின் சொரசொரப்பைச் சொல்லும் அளவு) 1.6 மைக்ரானா, 0.8 மைக்ரானா? எந்தப் பரப்பில்? ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் என்றால் எது? 304-உம் 316-உம் கண்ணுக்கு ஒரே மாதிரிதான் இருக்கும். 316-இல் 2 முதல் 3 சதவீதம் வரை மாலிப்டினம் உண்டு, 304-இல் அதைச் சேர்ப்பதில்லை. உப்புக்காற்றிலும் குளோரின் தண்ணீரிலும் அந்தச் சிறிய சதவீதம்தான் புள்ளி புள்ளியாகத் துருப்பிடிப்பதைத் தடுக்கிறது. வெறுமனே "ஸ்டெயின்லெஸ்" என்று எழுதினால் விலை குறைந்ததுதான் வரும்.

தண்ணீர் புகாமை பற்றி ஒரு விஷயத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் அனுபவமுள்ளவர்களும் இதில் சறுக்குகிறார்கள். ஐபி என்பது தூசும் நீரும் புகாமைக்கான தரக்குறியீடு. ஐபி67 என்றால் தூசு உள்ளே போகாது, 1 மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம் மூழ்கிக் கிடந்தாலும் கெடுதல் செய்யும் அளவுக்கு நீர் நுழையாது. எண் பெரியது என்பதால் ஐபி65-இன் சோதனையும் இதற்குள் அடக்கம் என்று நினைப்போம். அப்படி இல்லை. பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கு 5, 6 என்று தனிச் சோதனைகள், மூழ்குவதற்கு 7 என்று வேறு சோதனை. ஹோஸ் வைத்துக் கழுவும் இடத்தில், தண்ணீர் தேங்கவும் செய்யும் என்றால், "ஐபி66, ஐபி67 இரண்டும்" என்று எழுதியாக வேண்டும்.

"அல்லது அதற்கு இணையான" என்ற சொல் எல்லா ஸ்பெக்கிலும் (தேவைகளை எழுதிய ஆவணம்) இருக்கும். தேவையான சொல்தான், மெட்டீரியல் கிடைக்காதபோது வேலை நிற்கக் கூடாது. ஆனால் இணையா இல்லையா என்று யார் தீர்மானிப்பது? "இணையான பொருளுக்கு எங்கள் எழுத்துப்பூர்வ ஒப்புதல் வாங்கிய பிறகே பயன்படுத்த வேண்டும்" என்று கூடவே எழுதிவிடுங்கள்.

அலகுகளை டிராயிங்கின் மேலேயே ஒருமுறை தெளிவாகச் சொல்லிவிடுங்கள். செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் 1999-இல் தொலைந்துபோனது அலகால்தான். ஒரு மென்பொருள் பவுண்டு-விசை விநாடியில் எண்ணைக் கொடுத்தது, அதை வாங்கிக்கொண்ட இடம் நியூட்டன் விநாடி என்று எடுத்துக்கொண்டது. நம் மேஜையில் இது சின்னதாக நடக்கும். 5/16 அங்குல போல்ட்டின் விட்டம் 7.94 மி.மீ., பக்கத்தில் வைத்தால் எம்8 போலவே தெரியும். மரை மட்டும் சேராது. எம்8-லேயே வழக்கமான மரை 1.25 மி.மீ. இடைவெளி, நெருக்கமான மரை என்றால் 1 மி.மீ. உங்களுக்கு வேண்டியது இரண்டாவது என்றால் "எம்8 × 1" என்று முழுதாக எழுத வேண்டும். வெளிநாட்டு சப்ளையர் என்றால் தேதியில் மாதத்தைப் பெயராகவே எழுதுங்கள், 03/04 இருவருக்கும் இரண்டு நாள். 1,500 என்பதை ஒன்றரை என்று படிக்கும் நாடுகளும் உண்டு.

நீளமான, துல்லியமான பொருள் என்றால் வெப்பநிலையும் அளவின் ஒரு பகுதி. டிராயிங்கில் வேறு எதுவும் சொல்லாவிட்டால் அளவுகள் 20 டிகிரி செல்சியஸில் என்பது சர்வதேச வழக்கம். 1 மீட்டர் அலுமினியப் பட்டையை 35 டிகிரியில் அளந்தால் ஏறக்குறைய 0.35 மி.மீ. நீண்டிருக்கும். டாலரன்ஸ் 0.1 என்று சண்டை போடும்போது இது நினைவில் இருக்க வேண்டும்.

டாலரன்ஸ்: எல்லாவற்றையும் இறுக்காதீர்கள்

புதியவர்கள் இரண்டு விதமாகத் தவறுவார்கள். ஒன்று, டாலரன்ஸே எழுத மாட்டார்கள். இன்னொன்று, பயத்தில் எல்லா அளவுக்கும் ±0.01 போட்டுவிடுவார்கள். இரண்டாவதுதான் அதிகக் கஷ்டம் என்பது என் அனுபவம். லேத்திலேயே முடிய வேண்டிய வேலை கிரைண்டிங்குக்குப் போகும், ஒவ்வொரு அளவையும் மைக்ரோமீட்டர் வைத்துப் பார்க்க வேண்டும், விலை பல மடங்கு ஆகும். அதைவிட மோசம், எல்லாமே முக்கியம் என்று எழுதிய டிராயிங்கில் எது உண்மையிலேயே முக்கியம் என்று சப்ளையருக்குத் தெரியாது. நடைமுறையில் பொருந்தாத டாலரன்ஸைப் பார்த்துப் பழகியவர், "இவர் சும்மா போட்டிருக்கிறார்" என்று எல்லாவற்றையும் தளர்த்திவிடுவார். நிஜமாகவே 0.01 தேவைப்படும் அந்த ஒரு இடமும் அதோடு போய்விடும்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். டிராயிங்கை அச்செடுத்து, வேறொரு பாகத்தோடு பொருந்தும் இடங்களை மட்டும் கலர் பென்சிலால் வட்டமிடுங்கள். பேரிங் உட்காரும் இடம், பின் நுழையும் துளை, சீல் படும் பரப்பு. பெரும்பாலான பாகங்களில் நான்கைந்துக்கு மேல் வராது. அவற்றுக்கு மட்டும் தனி டாலரன்ஸ் கொடுங்கள். 20 மி.மீ. துளைக்கு எச்7 என்றால் 20.000-க்கும் 20.021-க்கும் இடையில் இருக்க வேண்டும் என்று பொருள், உலகம் முழுக்க இது ஒன்றுதான். மற்ற அளவுகளுக்கெல்லாம் "ஐஎஸ்ஓ 2768, நடுத்தர வகுப்பு" என்ற ஒரு வரி போதும். அதில் 6 முதல் 30 மி.மீ. வரையிலான நீள அளவுக்கு ±0.2, 30 முதல் 120 வரை ±0.3 என்று பட்டியலே இருக்கிறது.

இன்னொன்று, அளவுகளை எங்கிருந்து தொடங்குகிறீர்கள் என்பது. ஒரு பட்டையில் ஐந்து துளைகள், ஒவ்வொன்றும் முந்தையதிலிருந்து 20 மி.மீ., டாலரன்ஸ் ±0.2 என்று சங்கிலியாகப் போட்டால், கடைசித் துளை ஓரத்திலிருந்து 1 மி.மீ. வரை தள்ளிப்போகலாம். ஒவ்வொரு அளவும் சரி, பட்டை மட்டும் பொருந்தாது! எல்லாத் துளைகளையும் ஒரே ஓரத்திலிருந்து 20, 40, 60 என்று அளந்து போட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

பூச்சைப் பற்றி நான் பட்டதை முதலிலேயே சொன்னேன். எந்த அளவுகள் பூச்சுக்குப் பின், பூச்சின் தடிமன் எத்தனை மைக்ரான், எந்தத் துளைகளையும் மரைகளையும் மறைத்துப் பூச வேண்டும். மூன்றையும் எழுதுங்கள்.

ஒரு வரிக்கு ஒரு தேவை, பக்கத்திலேயே சோதனை

டிராயிங்கில் அடங்காத தேவைகளைப் பத்தியாக எழுதாதீர்கள். எண் போட்டு, வரிக்கு ஒன்றாக எழுதுங்கள். சப்ளையர் "7-ஆவது முடியாது, மற்றவை சரி" என்று பதில் சொல்ல வசதியாக இருக்கும். கட்டாயமானதற்கு "வேண்டும்", விருப்பமானதற்கு "இருந்தால் நல்லது". இந்த இரண்டைத் தவிர வேறு சொல் வேண்டாம். "முடிந்தவரை", "கூடுமானால்" என்பதெல்லாம் வந்தால் அந்த வரியை எடுத்துவிடுவதே மேல்.

அப்புறம், ஒவ்வொரு தேவைக்கும் பக்கத்தில் அதை எப்படிச் சோதிப்போம் என்று எழுதுங்கள். சோதனை எழுத வராவிட்டால் தேவை இன்னும் தெளியவில்லை என்று அர்த்தம். ஒரு உதாரணம்:

"மூடி இறுக்கமாக இருக்க வேண்டும்" என்பதை இப்படி மாற்றலாம்:

"4. மூடியைத் திருகி மூடிய நிலையில் டப்பாவைத் தலைகீழாக 10 நிமிடம் வைத்தால் ஒரு துளியும் கசியக் கூடாது. சோதனை: 20 டிகிரி தண்ணீரை முக்கால் பங்கு நிரப்பி, ஒவ்வொரு லாட்டிலும் (ஒரே தடவையில் செய்த தொகுதி) 20 டப்பாக்கள். ஒன்று கசிந்தாலும் லாட் முழுவதும் திரும்பப் பார்க்கப்படும்."

எந்தக் கருவி, எத்தனை பீஸ், யார் பார்ப்பது என்பதும் முக்கியம். நீங்கள் மைக்ரோமீட்டர் வைத்து அளப்பதை அவர் வெர்னியர் வைத்து அளந்தால் இரண்டு பேரும் நேர்மையாக இருந்தும் எண்கள் சேராது. ஹபிள் தொலைநோக்கியின் கதையும் அளக்கும் கருவியால் வந்ததுதான். அதன் 2.4 மீட்டர் கண்ணாடியைத் தேய்க்கும்போது வழிகாட்டிய சோதனைக் கருவியில் ஒரு லென்ஸ் 1.3 மி.மீ. தள்ளி இருந்தது. கருவி சொன்னபடி மிகத் துல்லியமாகத் தேய்த்தார்கள். விளிம்பு சுமார் 2 மைக்ரான் தட்டையாகிப்போனது. எளிமையான வேறு சோதனைகள் பிழையைக் காட்டியபோதும், அவை துல்லியம் குறைந்தவை என்று ஒதுக்கிவிட்டார்கள். 1990-இல் விண்ணுக்குப் போன பிறகுதான் படங்கள் மங்கலாக வருவது தெரிந்தது. முக்கியமான ஓர் அளவை இரண்டு வழியில் பார்ப்பதும், இரண்டும் ஒத்துப்போகாதபோது வேலையை நிறுத்திக் காரணம் தேடுவதும் நம் சிறிய வேலைக்கும் பொருந்தும்.

மெட்டீரியலைக் கண்ணால் சோதிக்க முடியாது என்பதால் சான்றிதழ் கேளுங்கள். "சான்றிதழ் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், "நீங்கள் கேட்டதுதான் இது" என்ற ஒரு வரிக் கடிதம் வரும், அதுவும் சான்றிதழ்தான். "இஎன் 10204 வகை 3.1" என்று ஐரோப்பியத் தரநிலையின்படி கேட்டால், உங்களுக்கு வந்த அதே லாட்டின் சோதனை முடிவுகள், உற்பத்திப் பிரிவைச் சாராத ஒருவரின் கையெழுத்தோடு வர வேண்டும்.

ஒரே ஆவணம், ஒரே ரிவிஷன்

போனில் ஒன்று, மெசேஜில் ஒன்று, மெயிலில் ஒன்று என்று தேவை சிதறினால், பட்டறையில் மெஷின் முன் நிற்பவரிடம் போய்ச் சேருவது அச்செடுத்த டிராயிங் மட்டும்தான். பேசியது எதுவானாலும் டிராயிங்கில் ஏற்றி, ரிவிஷன் எழுத்தை (எத்தனையாவது திருத்தம் என்று காட்டும் ஏ, பி, சி) மாற்றி, தேதி போட்டு, என்ன மாறியது என்று ஒரு வரி எழுதி, பழையது செல்லாது என்று சொல்லி அனுப்புங்கள். பர்ச்சேஸ் ஆர்டரிலும் டிராயிங் எண்ணோடு ரிவிஷனையும் குறிப்பிடுங்கள்.

3டி மாடலும் பிடிஎஃப் டிராயிங்கும் சேர்த்து அனுப்பினால், இரண்டும் முரண்பட்டால் எது செல்லும் என்று எழுதுங்கள். அதேபோல முதல் கோண முறையா, மூன்றாம் கோண முறையா (பாகத்தின் பக்கப் பார்வைகளை டிராயிங்கில் எந்தப் பக்கம் வைப்பது என்பதில் உள்ள இரண்டு வழக்கங்கள்) என்ற குறியை டிராயிங்கில் போடுங்கள். மாற்றிப் படித்தால் கண்ணாடியில் பார்த்தது போல இடவலம் மாறிய பாகம் வரும்.

அனுப்பிய பிறகுதான் பாதி வேலை

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள். யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். "இதில் உங்களுக்குச் செய்யக் கஷ்டமான இடம் எது?", "எதை மாற்றினால் உங்களுக்குச் சுலபம்?", "இதை முதலில் எந்த மெஷினில் பிடிப்பீர்கள்?" என்று கேளுங்கள். பதிலிலேயே அவர் டிராயிங்கை எப்படிப் படித்திருக்கிறார் என்று தெரிந்துவிடும். கேள்வியே கேட்காத சப்ளையரைப் பார்த்து நிம்மதி அடையாதீர்கள். திறமையானவராக இருக்கலாம், டிராயிங்கைத் திறந்தே பார்க்காதவராகவும் இருக்கலாம்.

கோட்டேஷனை விலைக்காக மட்டும் படிக்கக் கூடாது. உங்கள் தேவையை அவர் எப்படிப் புரிந்துகொண்டார் என்பதன் எழுத்து வடிவம் அது. மெட்டீரியல் பெயரை மாற்றி எழுதியிருக்கிறாரா, பூச்சு உண்டா, சோதனை அறிக்கை உண்டா, அடியில் பொடி எழுத்தில் எதையெல்லாம் விலக்கியிருக்கிறார் என்று வரிவரியாக உங்கள் ஸ்பெக்கோடு ஒப்பிடுங்கள். மூன்று பேரிடம் கேட்டு மூன்று விலைகளும் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் வந்தால், உடனே குறைந்த விலைக்காரரைப் பிடிக்க வேண்டாம். பெரும்பாலும் உங்கள் ஸ்பெக்கில் ஏதோ ஒரு இடத்தை மூவரும் மூன்று விதமாக நிரப்பியிருக்கிறார்கள். அதைத் தேடிக் கண்டுபிடித்து, திருத்திய ரிவிஷனை மூவருக்கும் அனுப்புங்கள்.

மொத்தத்தையும் ஒரே தடவையில் செய்யச் சொல்லாதீர்கள். முதல் பீஸை, மொத்த உற்பத்திக்குப் பயன்படுத்தப்போகும் அதே மெஷினில், அதே மெட்டீரியலில் செய்து, எல்லா அளவுகளையும் அளந்து எழுதிய தாளோடு அனுப்பச் சொல்லுங்கள். நீங்களும் அளந்து பாருங்கள், நிஜமாகவே பொருத்திப் பாருங்கள். சரி என்றால் எழுத்தில் ஒப்புதல் கொடுங்கள். நிறம், பளபளப்பு, கையில் பிடிக்கும் உணர்வு மாதிரி எண்ணில் அடங்காதவற்றுக்கு, ஒப்புக்கொண்ட சாம்பிள் இரண்டில் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். ஒப்புதலுக்குப் பிறகு மெட்டீரியலோ, செய்முறையோ, வேலையை வெளியே கொடுக்கும் இடமோ மாறினால் முன்கூட்டியே சொல்ல வேண்டும் என்பதும் ஆர்டரில் இருக்கட்டும். இரண்டாவது, மூன்றாவது லாட்டில் பிரச்சினை வருவது பெரும்பாலும் சொல்லாமல் நடந்த இப்படி ஒரு மாற்றத்தால்தான்.

அந்த பிராக்கெட்டைப் பிறகு அதே சப்ளையரிடமே மீண்டும் ஆர்டர் செய்தேன். துளையை 9 மி.மீ. ஆக்கினேன், "எல்லா அளவுகளும் பூச்சுக்குப் பின், பூச்சு 60 முதல் 100 மைக்ரான்" என்று எழுதினேன், ஒரு பீஸ் முதலில் கேட்டேன். டிராயிங் போன மறுநாள் அவர் போன் செய்தார். "பூச்சு போடும்போது எந்தத் துளையில் கொக்கி மாட்டித் தொங்கவிடட்டும்? கொக்கி படும் இடத்தில் பெயின்ட் ஏறாது" என்றார். அது எனக்குத் தோன்றவே இல்லை. வெளியே தெரியாத பின்பக்கத் துளையைச் சொன்னேன், அதை டிராயிங்கில் குறித்து ரிவிஷன் சி என்று அனுப்பினேன்.